கூட்டல் மட்டும் தெரிந்த இயந்திரம்

ஓர் அருங்காட்சியகப் பொருளை வைத்து ஒன்பதாம் வகுப்பில் நடத்திய கணிதப் பாடம்

"கணினியின் தந்தை யார்?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் கைகள் உயரும். "சார்லஸ் பாபேஜ்" என்று ஒரே குரலில் பதில் வரும். "அவர் என்ன செய்தார்?" என்பது இரண்டாவது கேள்வி. பாதிக் கைகள் இறங்கிவிடும். "கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சாரு டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள். "அதை அவர் செய்து முடித்தாரா?" என்ற மூன்றாவது கேள்விக்கு வகுப்பில் பதில் இருப்பதில்லை.

அவர் திட்டமிட்ட பெரிய இயந்திரங்களில் ஒன்றைக்கூட அவரால் முழுமையாகச் செய்து முடிக்க முடியவில்லை. 1871இல் இறந்துபோனார். இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய இயந்திரம் ஒன்று நிற்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கணக்குப் போடுகிறது. அது செய்யப்பட்டது 1991இல். அவர் இறந்து 120 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் வரைந்து வைத்த படங்களைப் பார்த்து அருங்காட்சியகமே அதைச் செய்தது.

அருங்காட்சியகம் என்றால் பழைய பொருள்களைப் பாதுகாக்கும் இடம். அப்படிப்பட்ட இடம் ஒரு பொருளைப் புதிதாகச் செய்தது ஏன்? இந்தக் கேள்வியை மையமாக வைத்து, பல்லுறுப்புக் கோவைகள் பாடத்தை ஒட்டி நான்கு பாடவேளைகள் நடத்தினேன். எங்கள் பள்ளி ஆரணிப் பக்கம், பட்டு நெசவுக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இருக்கிறது. கதையின் ஒரு திருப்பத்தில் அதற்கும் வேலை வந்தது. பாடம் நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தில் மாணவர்கள் அடைய வேண்டியவை:

1. ஒரு பல்லுறுப்புக் கோவையின் மதிப்புகளைக் கூட்டலை மட்டும் கொண்டு கண்டறிதல்.
2. தொடர் கணக்கில் ஒரு பிழை எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்டு விளக்குதல்.
3. "செய்து முடிக்கப்படவில்லை", "செய்யவே முடியாது" ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் பேசுதல்.

முதல் பாடவேளை: கணக்குப் போட்ட மனிதர்கள்

வீட்டில் கிடந்த பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப்போய் மாணவர்கள் கையில் கொடுத்தேன். நாம் மேல்நிலை வகுப்பு படித்தபோது தேர்வு அறையில் மேசைமேல் இருந்த அதே வகைப் புத்தகம்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அது புதுப்பொருள். "பக்கம் முழுக்க நம்பரா இருக்கே, இது எதுக்கு டீச்சர்?" என்றார்கள். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் புத்தகம் என்று சொல்லி, இரண்டு எண்களைப் பெருக்கிக் காட்டினேன். பிறகு, "இதில் உள்ள எண்களையெல்லாம் யார் கணக்கிட்டிருப்பார்கள்?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்" என்றாள் ஒரு மாணவி.

அவள் சொன்னது ஒரு வகையில் சரி. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் 19ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரைத்தான் குறித்தது. மடக்கை, முக்கோணவியல் மதிப்புகள், நிலவும் விண்மீன்களும் நிற்கும் இடங்கள் ஆகிய எல்லாவற்றையும் மனிதர்களே கணக்கிட்டார்கள். ஒருவர் கணக்கிட்டதை இன்னொருவர் படியெடுத்தார். அச்சகத்தில் ஒருவர் ஈய எழுத்துகளைக் கோத்தார். மூன்று இடங்களிலும் பிழை நுழையலாம். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தை இந்த அட்டவணைகளைப் பார்த்தே மாலுமிகள் கணித்தார்கள். அச்சில் ஓர் இலக்கம் மாறினால் கப்பல் பாறையில் மோதவும் கூடும்.

பிரான்சில் நடந்த ஒன்றையும் இங்கே சொன்னேன். 1790களில் கஸ்பார் த புரோனி என்ற பொறியாளரிடம் மிகப் பெரிய மடக்கை அட்டவணைகளைத் தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் வேலையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். மேல் அடுக்கில் சில பெரிய கணித அறிஞர்கள் சூத்திரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நடு அடுக்கில் இருந்தவர்கள் தொடக்க எண்களைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். கீழ் அடுக்கில் 60 முதல் 80 பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது கூட்டலும் கழித்தலும் மட்டுமே. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பிரபுக்களின் ஆடம்பரத் தலையலங்காரம் ஒழிந்துபோனதால் வேலை இழந்த முடிதிருத்துநர்கள் பலர் இந்த அடுக்கில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

"கூட்டல் மட்டும் தெரிஞ்சா மடக்கை போட முடியுமா?" என்று ஒரு மாணவர் நம்பாமல் கேட்டார். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து அன்றைய வகுப்பை முடித்தேன்.

இரண்டாம் பாடவேளை: மாணவர்களே இயந்திரம்

வர்க்க எண்களில் தொடங்கினோம். கரும்பலகையில் எழுதியது இவ்வளவுதான்:

எண்: 1, 2, 3, 4, 5, 6
வர்க்கம்: 1, 4, 9, 16, 25, 36
முதல் வேறுபாடு: 3, 5, 7, 9, 11
இரண்டாம் வேறுபாடு: 2, 2, 2, 2

அடுத்தடுத்த வர்க்கங்களைக் கழித்தால் முதல் வேறுபாடு. அவற்றை மீண்டும் கழித்தால் இரண்டாம் வேறுபாடு. அது மாறாமல் 2 ஆகவே நிற்கிறது. மாறாத எண் கிடைத்துவிட்டால் அங்கிருந்து திரும்பி வரலாம். 2ஐ 11உடன் கூட்டினால் 13. 13ஐ 36உடன் கூட்டினால் 49. ஏழின் வர்க்கம் பெருக்காமலே வந்துவிட்டது.

அடுத்து மூன்று மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தேன். முதல் மாணவரின் சிலேட்டில் விடை: 1. இரண்டாமவரிடம் முதல் வேறுபாடு: 3. மூன்றாமவரிடம் இரண்டாம் வேறுபாடு: 2. கட்டளைகள் இரண்டே. "ஒன்று" என்றால் முதல் மாணவர் தன் எண்ணோடு இரண்டாமவரின் எண்ணைக் கூட்டி எழுத வேண்டும். "இரண்டு" என்றால் இரண்டாமவர் தன் எண்ணோடு மூன்றாமவரின் எண்ணைக் கூட்டி எழுத வேண்டும். மூன்றாமவருக்கு வேலையே இல்லை. அவர் 2ஐப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. 4, 9, 16, 25 என்று விடைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்பது சுற்று முடிந்தால் முதல் சிலேட்டில் 100 இருக்க வேண்டும். இருந்தால் இடையில் போட்ட கணக்குகளும் சரி என்று பெரும்பாலும் நம்பலாம். விடை சரிபார்க்கும் இந்த வழி மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றைக்குக் கணக்கு மெதுவாக வரும் மாணவர்களையே இயந்திரமாக நிற்கவைத்தேன். பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளை, வகுப்பின் முன்னால் நின்று பத்து வர்க்கங்களைப் பிழையில்லாமல் எழுதியது. த புரோனியின் கீழ் அடுக்கு எப்படி வேலை செய்தது என்பதை இதற்குமேல் விளக்கத் தேவைப்படவில்லை.

அடுத்த குழுவில் விடை 100க்குப் பதில் 99 என்று வந்தது. எங்கே தவறு என்று தேடச் சொன்னேன். எழுதி வைத்திருந்த விடைகள்: 4, 9, 16, 24, 35, 48, 63, 80, 99. நான்காவது விடையிலிருந்து எல்லாமே ஒன்று குறைவு. 16உடன் 9ஐக் கூட்டும்போது நேர்ந்த தவறு அது.

இங்கே ஆசிரியர் ஒன்றை வேண்டுமென்றே செய்து காட்டலாம். விடைச் சிலேட்டில் தவறு நேர்ந்தால் அதன்பின் எல்லா விடைகளும் ஒரே அளவில் தப்பும். வேறுபாட்டுச் சிலேட்டில் தவறு நேர்ந்தால் சுற்றுக்குச் சுற்று தப்பு வளரும். 11 எழுத வேண்டிய இடத்தில் 12 எழுதச் சொல்லுங்கள். விடைகள் 36, 49, 64 என்று வராமல் 37, 51, 67 என்று வரும். பிழை 1, 2, 3 என்று ஏறுவதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பிழையின் வடிவத்தைப் பார்த்தே அது எங்கே பிறந்தது என்று சொல்லலாம். அட்டவணைகளைத் தயாரித்தவர்கள் பிழைக்கு ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்பதும் அப்போது புரியும்.

விரைவாக முடிக்கும் குழுக்களுக்கு இரண்டு பணிகள்:

கன எண்கள்: நான்கு மாணவர்கள் தேவை. தொடக்க எண்கள் 1, 7, 12, 6. ஒரு சுற்றில் மூன்று கூட்டல்கள். விடைகள் 8, 27, 64 என்று வரும்.

பகா எண்கள்: தொடக்க எண்கள் 41, 2, 2. விடைகள் 43, 47, 53, 61, 71 என்று போகும். x வர்க்கம் கூட்டல் x கூட்டல் 41 என்ற கோவைதான் இது. தான் செய்த சிறு மாதிரியைக் காட்டும்போது பாபேஜே இந்தக் கோவையைப் பயன்படுத்தினார். "எல்லா விடையும் பகா எண்ணா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள். 40ஆவது சுற்று வரை போனால்தான் 1681 வரும். அது 41இன் வர்க்கம். எங்கள் வகுப்பில் இரண்டு மாணவிகள் வீட்டில் உட்கார்ந்து அதுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முப்பத்தொன்பது முறை சரியாக இருந்த ஒன்று நாற்பதாவது முறை பொய்க்கலாம் என்ற பாடம் அந்தக் கணக்கோடு சேர்ந்து வந்தது.

கரும்பலகை ஓரத்துக் கேள்விக்கும் இப்போது பதில் சொல்லலாம். மடக்கையும் சைனும் பல்லுறுப்புக் கோவைகள் அல்ல. ஆனால் சிறிய இடைவெளிக்குள் அவற்றின் மதிப்பை ஒரு பல்லுறுப்புக் கோவையால் வேண்டிய துல்லியத்துக்கு நெருங்க முடியும். கோவை கிடைத்துவிட்டால் மிச்சம் கூட்டல்தான்.

மூன்றாம் பாடவேளை: சக்கரத்தில் ஒரு கூட்டல்

1821ஆம் ஆண்டு. பாபேஜும் அவருடைய நண்பரான வானியலாளர் ஜான் ஹெர்ஷலும் இருவர் தனித்தனியாகக் கணக்கிட்ட வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழைமேல் பிழை. இந்தக் கணக்கையெல்லாம் நீராவி போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாபேஜ் சலிப்போடு சொன்னாராம். அந்தச் சலிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. கூட்டல் மட்டும் போதும் என்றால் அதைப் பல்சக்கரங்களே செய்யலாமே என்று நினைத்தார். அப்படி உருவான திட்டம்தான் டிஃபரன்ஸ் என்ஜின், அதாவது வேறுபாட்டு இயந்திரம். நம் மாணவர்கள் சிலேட்டு பிடித்து நின்ற இடத்தில் செங்குத்தான தூண்கள். ஒவ்வொரு தூணிலும் இலக்கத்துக்கு ஒன்றாக, 0 முதல் 9 வரை பொறித்த சக்கரங்கள்.

சக்கரத்தால் கூட்டுவது எளிது. 3இல் நிற்கும் சக்கரத்தை நான்கு பல் நகர்த்தினால் 7. சிக்கல் இனமாற்றத்தில் இருக்கிறது. 7இல் நிற்பதை 5 நகர்த்தினால் சக்கரம் 2க்கு வரும்; பக்கத்துச் சக்கரம் ஒன்று நகர வேண்டும். அது 9இல் நின்றால் அதற்கடுத்ததும் நகர வேண்டும். பழைய பைக் ஒன்றின் கிலோமீட்டர் மீட்டரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்து காட்டினேன். 0999லிருந்து 1000க்கு மாறும்போது நான்கு சக்கரங்களும் ஒன்றாக அசைவதை மாணவர்கள் விரலால் சுற்றிப் பார்த்தார்கள். தொடக்கப் பள்ளியில் நாம் சொல்லிக்கொடுக்கும் இனமாற்றக் கூட்டலை உலோகத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பாபேஜுக்கு இருந்த பெரிய சவால்.

பிறகு ஹைடெக் ஆய்வகத்தில் இயந்திரம் ஓடும் காணொலியைப் போட்டேன். பின்பக்கத்தில் இனமாற்றம் செய்யும் கைகள் திருகுப் படிக்கட்டு போல அடுக்கடுக்காக அமைந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றும்போது அவை கீழிருந்து மேலாக அலைபோல எழுந்து சுழலும். வகுப்பே அமைதியாகிவிட்டது. "தறி ஓடுற மாதிரி இருக்கு டீச்சர்" என்றான் ஒரு மாணவன். அவன் அப்பா நெசவாளர்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வேறுபாட்டு இயந்திரத்துக்குப் பிறகு, 1834இலிருந்து பாபேஜ் இன்னும் பெரிய ஒன்றைத் திட்டமிட்டார். அதன் பெயர் அனலிட்டிகல் என்ஜின், பகுப்பாய்வு இயந்திரம். நான்கு அடிப்படைக் கணக்குகளையும் செய்யும். இடைவிடைகளைச் சேமித்து வைக்கும். முன் வந்த விடையைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும். இதற்குக் கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்த நினைத்தார். அந்த உத்தி நெசவிலிருந்து வந்தது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் அமைத்த தறியில், எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானித்தன. சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் வைத்திருந்தார்.

மறுநாள் மூன்று பேர் வீட்டிலிருந்து பழைய ஜக்கார்டு அட்டைகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். துளை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம் என்று நோட்டில் குறித்தோம். ஒரு புட்டாவுக்கு எத்தனை அட்டை, அட்டை வரிசை மாறினால் என்ன ஆகும் என்று அந்த மாணவர்களே மற்றவர்களுக்கு விளக்கினார்கள். எய்டா லவ்லேஸ் 1833இல், தம் 17ஆம் வயதில், பாபேஜின் வீட்டில் வேறுபாட்டு இயந்திரத்தின் ஒரு பகுதியைப் பார்த்தார். பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து, அதற்கு எழுதிய நீண்ட குறிப்புகளை 1843இல் வெளியிட்டார். பெர்னோலி எண்களை அந்த இயந்திரத்தால் கணக்கிடும் படிகள் அந்தக் குறிப்புகளில் இருக்கின்றன. தறி பூவும் இலையும் நெய்வதைப் போல இந்த இயந்திரம் இயற்கணிதத்தை நெய்யும் என்று ஒப்பிட்டவரும் அவரே. எங்கள் ஊரில் அந்த ஒப்புமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான்காம் பாடவேளை: ஏன் முடியவில்லை?

பிரிட்டிஷ் அரசு 1823இலிருந்து பாபேஜுக்குப் பணம் கொடுத்தது. முதல் வேறுபாட்டு இயந்திரத்துக்கு ஏறத்தாழ 25,000 பாகங்கள் வேண்டும். ஒரே மாதிரியான பாகங்களை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் தொழில்முறை அன்றைக்கு இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் தனித்தனியாகக் கடைந்து எடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஜோசப் கிளமென்ட் என்ற மிகச் சிறந்த கருவி செய்பவர். 1832இல் கணக்கிடும் பகுதியில் ஏழில் ஒரு பங்கு மட்டும் காட்சிக்காகக் கோக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 பாகங்கள் கொண்ட அது பிசகில்லாமல் வேலை செய்தது. அதையும் இன்று அதே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மறு ஆண்டே வேலை நின்றது. பட்டறையைப் பாபேஜின் வீட்டருகே மாற்றுவதிலும் அதற்கான பணத்திலும் இருவருக்கும் தகராறு. அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தது. அதற்குள் பாபேஜின் மனம் பகுப்பாய்வு இயந்திரத்துக்குப் போய்விட்டது. 1842இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பாபேஜ் 1847க்கும் 1849க்கும் இடையே, கற்றுக்கொண்டதையெல்லாம் சேர்த்து, குறைந்த பாகங்களில் இரண்டாம் வேறுபாட்டு இயந்திரத்தை வரைந்தார். அரசு அதை ஏற்கவில்லை. படங்கள் படங்களாகவே கிடந்தன.

ஆனால் அந்தப் பட்டறை வீண்போகவில்லை. கிளமென்டிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்தான் பின்னாளில், 1841இல், திருகாணி மரைகளுக்குப் பொது அளவு வகுத்தவர். இன்னொரு புறம், ஸ்டாக்ஹோமில் அச்சுத் தொழில் செய்த ஜார்ஜ் ஷூட்ஸ் பாபேஜின் இயந்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்தார். தம் மகன் எட்வர்டுடன் சேர்ந்து எளிமையான வேறுபாட்டு இயந்திரம் ஒன்றை 1853இல் செய்து முடித்தார். அதன் பிரதி ஒன்றை 1859இல் பிரிட்டிஷ் அரசே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வாங்கியது. பாபேஜ் பொறாமைப்படவில்லை; அவர்களைப் பாராட்டிப் பேசினார்.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்ப அவரு தோத்துட்டாரு தானே டீச்சர்? அவரை ஏன் தந்தைன்னு சொல்றோம்?"

பாடம் முழுவதும் நான் காத்திருந்த கேள்வி அது. நான் பதில் சொல்லாமல் வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் சொன்னேன். ஒரு பக்கம், "யோசனையே தவறு, அதனால்தான் முடியவில்லை." மறு பக்கம், "யோசனை சரி. காலமும் பணமும் ஒத்துழைக்கவில்லை." பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றன: செய்து பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அருங்காட்சியகமும் அதையேதான் நினைத்தது. பாபேஜின் வரைபடங்களை ஆராய்ந்த ஆஸ்திரேலியக் கணினி அறிஞர் ஆலன் புரோம்லி, இரண்டாம் இயந்திரத்தைச் செய்து பார்க்கலாம் என்று 1985இல் முன்மொழிந்தார். கணினிப் பிரிவின் காப்பாளர் டோரன் ஸ்வேட் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். பாகங்களை நவீன இயந்திரங்களில் கடைந்தாலும், பாபேஜ் காலத்துப் பாகங்களை அளந்து பார்த்து அந்தத் துல்லியத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். வெண்கலம், வார்ப்பிரும்பு, எஃகு ஆகிய உலோகங்களையும் அந்தக் காலத்துக்கு ஒத்தவையாகவே தேர்ந்தெடுத்தார்கள். ரெக் கிரிக், பேரி ஹாலவே என்ற இரு பொறியாளர்கள் பார்வையாளர்கள் கண்முன்னேயே அதைக் கோத்தார்கள். வரைபடங்களில் சில பிழைகள் இருந்தன, திருத்தக்கூடியவைதான். இயந்திரம் பல முறை சிக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிச் சரிசெய்தார்கள். 1991 நவம்பரில், பாபேஜின் 200ஆவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு, முதல் நூறு எண்களின் ஏழாம் அடுக்குகளைப் பிழையின்றிக் கணக்கிட்டது.

எட்டுத் தூண்கள், தூணுக்கு 31 இலக்கங்கள். ஏழாம் படி வரையுள்ள கோவைகளை அது கணக்கிடும். விடையைத் தானே அச்சிடும் பகுதி 2002இல் சேர்க்கப்பட்டது. காகிதத்தில் அச்சிடுவதோடு, அச்சுத் தகடு வார்ப்பதற்கான பதிவைச் சுண்ணக் கலவையிலும் அது பதித்துவிடும். படியெடுப்பவரும் எழுத்துக் கோப்பவரும் இல்லை. அந்தப் பிழைகளும் இல்லை. மொத்தம் 8,000 பாகங்கள், 5 டன் எடை, 11 அடி நீளம், 7 அடி உயரம். வகுப்பறைச் சுவரில் சாக்பீஸால் அந்த அளவைக் குறித்துக் காட்டினால் மாணவர்கள் வியந்துபோவார்கள்.

இந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதையும் பேச வேண்டும். யோசனை சரி, அன்றைய துல்லியத்தில் செய்த பாகங்களே போதும் என்பதை அது காட்டியது. அன்றைய பணத்திலும் மனித உறவுகளிலும் அதை முடித்திருக்க முடியுமா என்பதை அது காட்டவில்லை. அதைப் போலவே, 1940களில் மின்னணுக் கணினிகளை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் பாபேஜின் படங்களைப் பார்த்து அவற்றைச் செய்யவில்லை. எனவே "தந்தை" என்ற சொல்லை ஓர் ஒப்புமையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தேர்வில் அந்த ஒரு மதிப்பெண் விடை மாறாது. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று மாணவருக்குத் தெரிந்திருக்கும்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. மூன்று பணிகள் கொடுத்தேன்.

1. தொடக்க எண்கள் 5, 4, 2. பத்துச் சுற்றுகளின் விடைகளை எழுதி, அவற்றைத் தரும் கோவையைக் கண்டுபிடி. (சரிபார்க்க: முதல் நான்கு விடைகள் 9, 15, 23, 33. தொடக்கத்தை x = 0 எனக் கொண்டால் கோவை x² + 3x + 5.)
2. நண்பர் எழுதிய பட்டியலில் ஆசிரியர் மறைத்து வைத்த ஒரு பிழை, விடைத் தூணிலா, வேறுபாட்டுத் தூணிலா? காரணம் சொல்.
3. நீ செய்ய நினைக்கும் ஒரு கருவியை வரை. பக்கத்து வகுப்பு மாணவர் உன்னிடம் எதுவும் கேட்காமல், படத்தை மட்டும் பார்த்து அதை அட்டையில் செய்ய வேண்டும்.

மூன்றாவது பணியில்தான் அதிகம் கற்றார்கள். முதல் சுற்றில் ஒரு படம்கூடத் தேறவில்லை. அளவு இல்லை, எந்தப் பாகம் எதோடு சேரும் என்ற குறிப்பு இல்லை. திருத்தித் திருத்தி மூன்றாம் முறையில் பாதிக்கு மேற்பட்ட படங்கள் கருவிகளாக மாறின. எவரும் கட்டிப் பார்க்காத இயந்திரத்துக்கு இவ்வளவு துல்லியமாகப் படம் வரைந்து வைத்தவரின் உழைப்பு அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

நான்கு பாடவேளைகள் ஒதுக்க முடியாவிட்டால் இரண்டாம் பாடவேளைச் செயல்பாட்டை மட்டும் செய்யலாம். தேவைப்படுவது மூன்று சிலேட்டுகள் மட்டுமே. ஆறாம் வகுப்புக்கு வர்க்க எண்கள் போதும். பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசையோடு இணைக்கலாம்: முதல் வேறுபாட்டு வரிசையே ஒரு கூட்டுத் தொடர்வரிசைதான். ஜக்கார்டு தறி இல்லாத ஊர்களில் தையல் இயந்திரம், பழைய மின்மீட்டர், பைக் மீட்டர் என்று சக்கரம் சுழலும் ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். அதை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் நாம் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.